ஆறு வெள்ளித் தண்ணீர்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. விடிகாலை சுபுஹு தொழுகையை முடித்துவிட்டுத் துணிகளை அலசி, மூங்கில் கழிகளில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். மகன் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு ரொட்டியும் முட்டையும் மூடி வைத்துவிட்டு மார்சிலிங் நிலையத்தில் ரயில் ஏறினேன். வேலை பார்த்த இசையரங்கத்துக்குள் நுழைந்ததும் நான் செய்யும் வேலைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் குளிர்பெட்டிகளின் கதவு ரப்பர் சரியாக ஒட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். அடுத்து, முன்பு மிஞ்சிய பாட்டில்களை முன்வரிசைக்கு இழுத்து, புதியவற்றைப் பின்னால் அடுக்குவேன். பிறகு மேசையைத் துடைத்து, மூடிகள் போடும் பிளாஸ்டிக் கூடையைக் காலி செய்து காலடியில் வைப்பேன். அன்று மாலையும் மறுநாள் மதியமும் தமிழ்த் திரையிசை நிகழ்ச்சி இருந்தது. தமிழ் நிகழ்ச்சி என்றால் தண்ணீர்தான் அதிகம் போகும் என்பதால் இன்னும் நான்கு பெட்டி தண்ணீர் வேண்டுமென்று கிடங்குக்குச் சொல்லி அனுப்பினேன்.

அந்த அரங்கத்தில் தண்ணீர் கவுண்டரைப் பார்த்துக்கொண்டவள் நான். பெயர் ஹாஜரா. பீர் ஊற்ற மாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டேன். அதனால் தண்ணீரும் குளிர்பானமும் மட்டும் விற்கும் கவுண்டர் என் கைக்கு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அது என் கையிலேயே இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் இனி நிற்காது என்று தெரிந்த பிறகு, வேலையை விட்டேன்.

இப்போது அந்த இடத்தில் நிற்கும் காயத்ரி சென்ற வாரம் போன் செய்தாள்.

"அக்கா, நேத்து ஒரு அங்கிள் என்னைப் பார்த்து, 'ஏம்மா, உனக்கெல்லாம் தூக்கம் வருதா?'ன்னு கேட்டுட்டாரு. தண்ணி வெலைய நானாக்கா வச்சேன்? என்னால முடியல லா. நீங்க எப்படித்தான் இத்தனை வருஷம் நின்னீங்க?"

"நின்னேன். வேற என்ன பண்றது?"

"இப்படிச் சொன்னா எப்படிக்கா? எழுதியாச்சும் குடுங்க, படிக்கிறோம்."

அவள் கேட்டது திட்டு வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான். எனக்கோ அதை நினைத்தால் மாணிக்கம் சார்தான் நினைவுக்கு வருகிறார்.

மாணிக்கம் சார் எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வாரம் அவர் பக்கத்தில் நின்றேன். அந்த வாரத்தில் பாதி நாள், ஒரு பாட்டிலின் மூடியைத் திருகுவது எப்படி என்பதிலேயே போயிற்று. எங்கள் அரங்கத்தில் தண்ணீர் பாட்டிலை மூடியோடு கொடுக்கக் கூடாது. நாங்களே திறந்து, மூடியை எடுத்துக்கொண்டு, திறந்த பாட்டிலைத்தான் கொடுக்க வேண்டும்.

"இடுப்புல பிடிக்காதே, தோள்ல பிடி" என்பார். இப்போதைய பாட்டில்கள் காகிதம் மாதிரி. நடுவில் பிடித்துத் திருகினால் நசுங்கித் தண்ணீர் மேசையில் வழியும். கழுத்துக்குக் கீழே, பாட்டில் அகலமாகும் இடத்தில் பிடித்தால் வழியாது. முத்திரை உடையும் 'டிக்' சத்தம் வாங்குகிறவர் காதில் விழ வேண்டும், அப்போதுதான் பழைய பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்ற சந்தேகம் வராது. பிறகு மூடி கூடைக்குள் போக வேண்டும். பாட்டிலின் ஈரத்தை ஒரு தடவை துடைத்துக் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தியது ஒன்று உண்டு. "வெலையச் சொல்லிட்டுத் திருகு. திருகிட்டு வெலையச் சொல்லாதே." ஆரம்ப நாட்களில் ஒருமுறை நான் இதை மாற்றிச் செய்தேன். ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டார், திறந்து நீட்டிவிட்டு விலையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. திறந்த பாட்டிலை வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். சட்டைப்பை, கால்சட்டைப்பை என்று மாறி மாறித் துழாவினார். மாணிக்கம் சார் குறுக்கே வந்து, "ஐயா, இது பரிசோதனைக்குத் திறந்த பாட்டில், விக்கக் கூடாது. நீங்க குடிங்க" என்றார். பெரியவர் போனதும் சார் தன் பணத்தைக் கல்லாவில் போட்டார். என்னைத் திட்டவில்லை. "வேண்டாம்னு சொல்றதுக்கு மனுஷனுக்கு ஒரு வழி விடணும் ஹாஜரா" என்றார்.

மூடியை ஏன் எடுக்கிறோம் என்றும் அவர்தான் சொன்னார். "மூடி இல்லாத பாட்டில் மேல்மாடத்துலேர்ந்து கைதவறி விழுந்தா வழியிலேயே பாதி கொட்டிடும். மூடி போட்டது விழுந்தா கல்லு." அதனால் இந்த ஒரு விதியில் மட்டும் அவர் இரும்பாக இருந்தார். கைக்குழந்தையோடு வந்த தாய்க்கும் மூடி கிடையாது. குவளையில் ஊற்றிக் கொடுப்பார். சிறப்பு விருந்தினர் ஒருவருடைய உதவியாளர் வந்து கோபித்தபோதும், "குடுக்க முடியாது சார், மன்னிச்சுக்குங்க" என்று அதே குரலில் ஐந்தாறு தடவை சொன்னார். அவர் குரல் ஒருபோதும் உயராது. சட்டைக் கைகளை மட்டும் ஒரு மடிப்பு ஏற்றிவிட்டுக்கொள்வார். அதைப் பார்த்தால் கோபமாக இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

விலை எங்கள் கையில் இல்லை. அரை லிட்டர் தண்ணீர் ஆறு வெள்ளி, ஆறு சிங்கப்பூர் டாலர். வெளியே காப்பிக்கடையில் அதே பாட்டில் ஒரு வெள்ளி சொச்சம். வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது என்பதால் வாசலில் பை சோதிக்கும் இடத்தில் பெரிய தொட்டிகள் வைத்திருப்பார்கள். வீட்டிலிருந்து நிறைத்துக் கொண்டுவந்த பாட்டில்கள் அதில் விழும். பட்டுப்புடவை கட்டிய அம்மாக்கள் அங்கேயே நின்று, மூச்சுமுட்ட ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்தான். ஆனால் எங்கள் அரங்கத்தில் குழாய் என்றால் கழிப்பறையில்தான். "கக்கூஸ்ல போயா தண்ணி பிடிப்பாங்க?" என்று முகம் சுளிப்பார்கள். கடைசியில் என் கவுண்டருக்கு வருவார்கள். "தண்ணியா, தங்கமா?" இதை எத்தனை வாயிலிருந்து கேட்டேனோ. ஒவ்வொருவரும் தாமே முதலில் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். நானும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பேன். மாணிக்கம் சார் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. இரண்டு மூன்று பாட்டு முடிந்திருக்கும். கூட்டம் உள்ளே போய்விட்டது, கவுண்டருக்கு முன்னால் ஆள் இல்லை. மாணிக்கம் சார் குளிர்பெட்டிப் பக்கம் நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்மாடத்திலிருந்து ஓர் இளைஞர் இறங்கி வந்தார். மேல்மாடத்தில் இன்னொரு கவுண்டர் உண்டு, ஆள் போதாது என்று அன்று அதைத் திறக்கவில்லை. இஸ்திரி போட்ட நீலச்சட்டை, புதுச் செருப்பு. பிற்பாடுதான் பெயர் தெரிந்தது. அய்யனார், சிவகங்கைப் பக்கம், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை.

"அக்கா, தண்ணி எவ்வளவுக்கா?"

"ஆறு வெள்ளி தம்பி."

"அந்தப் பெருசா?"

"இந்தச் சின்னது."

பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாங்க ஏழு பேருக்கா. இது ஏழு பேருக்கு நாக்க நனைக்கக்கூடக் காணாதே." கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒண்ணு குடுங்க. அண்ணாந்து குடிச்சா ஆளுக்கு ரெண்டு மடக்கு வரும்."

"மூடிய எடுத்துட்டுத்தான் குடுப்பேன்."

"ஏன்க்கா?"

"யாராச்சும் தூக்கி எறிஞ்சிட்டா? அதுக்குத்தான்."

"ஆறு வெள்ளியத் தூக்கி எறியுறதுக்கு எங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

பின்னாலிருந்து மாணிக்கம் சார் சிரித்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. முன்னால் வந்து, "எங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"மேல சார், கம்பிக்குப் பக்கத்துல. அந்தப் படியில ஏறி, அத்தனை பேர் கால தாண்டிப் போறதுக்குள்ள பாதி கொட்டிரும். இருக்கிற பாதிய வச்சு ஷோ முடியுற வரைக்கும் ஓட்டணும். காலைலேர்ந்து சைட்டுல வேலை, குளிச்சு மாத்திட்டு நேரா வாறோம். இன்னொரு தடவை எறங்கி வந்தா ரெண்டு பாட்டு போயிரும் சார். டிக்கெட்டுக்கே ஒரு மாசமா சேத்தோம்."

கெஞ்சவில்லை. நிலவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான். நான் விலையைச் சொல்லியாகிவிட்டது, பணத்தை வாங்கியாகிவிட்டது, மூடியைத் திருகிக் கூடையில் போட்டுவிட்டேன். மாணிக்கம் சார் குனிந்து அந்த மூடியை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். பாட்டிலைத் தோளில் பிடித்து, தானே மூடியை இறுக்கிக் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்கணும். கையிலயே வச்சிருக்கணும், சரியா?"

"சரிங்க சார். கண்டிப்பா சார்."

அவர் படியேறிப் போனார். நான் மாணிக்கம் சாரையே பார்த்தபடி நின்றிருக்க வேண்டும். "என்ன பாக்குற? ஒரு நாள்தானே லா" என்று சொல்லிவிட்டு வெப்பமானியிடம் திரும்பிப் போய்விட்டார்.

பிறகு நடந்ததை அய்யனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏழு பேரும் முறைவைத்து ஆளுக்கு ஒரு மடக்கு குடித்து மூடி வைத்துவிட்டார்கள். பாதிக்கு மேல் மிச்சம். மூடிய பாட்டில் அய்யனார் மடியில் இருந்தது. எல்லோரும் காத்திருந்த பாட்டின் முதல் இசை வந்ததும் மேல்மாடமே எழுந்தது. அவரும் எழுந்தார். மடியில் பாட்டில் இருப்பது மறந்துபோயிற்று. அது உருண்டு, கம்பிக்குக் கீழிருந்த இடைவெளி வழியாகப் போய்விட்டது. மூடி இருந்ததால் ஒரு சொட்டும் வழியில் கொட்டவில்லை.

கீழ்மாடத்தில் கணவரோடு உட்கார்ந்திருந்த சுமதி என்ற பெண்மணியின் தோளில் விழுந்தது. முதலுதவி அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போனபோது அவர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார், தாதி கையைத் துணியால் கட்டித் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். காறை எலும்பில் விரிசல் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்களாம். அய்யனார் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நீலச்சட்டை முதுகு முழுக்க வியர்வை. இரண்டு பாதுகாவலர்கள் அவருக்கு இருபுறமும். அரங்க நிர்வாகி மிஸ் டான் அந்தப் பாட்டிலைக் கையில் வைத்திருந்தார்.

சுமதியின் கணவர் கத்திக்கொண்டிருந்தார். "போலீஸைக் கூப்பிடுங்க! இவனுங்களுக்கு எதுக்குக் கச்சேரி? இங்க வந்து நம்ம பேரையும் சேர்த்துக் கெடுக்குறானுங்க!"

"சார், கும்புடுறேன் சார், வேணும்னு பண்ணல சார்" என்றார் அய்யனார். "போலீஸ் வேண்டாம் சார். கம்பெனிக்குத் தெரிஞ்சா பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவான். வந்து எட்டு மாசம்தான் ஆகுது. ஏஜென்ட்டுக்கு வாங்குன கடனே அப்படியே நிக்குது."

மிஸ் டான் ஆங்கிலத்தில் பேசினார், அமைதியாகத்தான். பாட்டிலில் மூடி இருக்கிறது. இந்த அரங்கத்தில் மூடியோடு விற்பதில்லை. ஆகவே இது வெளியிலிருந்து மறைத்துக் கொண்டுவந்த பாட்டில். விதியை மீறிக் கொண்டுவந்ததோடு மேலிருந்து போட்டும் இருக்கிறார் என்றால் காவல்துறைக்குச் சொல்லத்தான் வேண்டும். பிறகு என்னைப் பார்த்தார். "ஹாஜரா, இது உங்கள் கவுண்டரில் வாங்கியதா?"

இல்லை என்றால் அந்தப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆம் என்றால் மூடி எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் சார் உள்ளே வந்துவிட்டார். சட்டைக் கைகள் மடிப்பு ஏற்றாமல் இறங்கியே இருந்தன.

"எங்கள் கவுண்டரில் வாங்கியதுதான். மூடியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஹாஜரா எடுத்துவிட்டார். நான் திரும்பப் போட்டேன்."

அவர் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆம் என்றிருப்பேன் என்றுதான் நம்ப ஆசை.

மிஸ் டான் ஏன் என்று கேட்டார். ஏழு பேருக்கு ஒரு பாட்டில்தான் வாங்க முடிந்தது, அதைக் கடைசிவரை வைத்துக் குடிக்க மூடி தேவைப்பட்டது, தண்ணீர் ஆளுக்கொன்று வாங்கும் விலையில் இருந்தால் இந்தப் பாட்டில் அந்த நேரத்தில் காலியாகிக் குப்பையில் கிடந்திருக்கும் என்று மாணிக்கம் சார் சொன்னார். மிஸ் டான் கையை லேசாக உயர்த்தினார். விலை வேறு விஷயம், இப்போது பேசுவது பாதுகாப்பு பற்றி என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. விசாரணை அறிக்கையிலும் அது வரவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பேசவில்லை என்று சொல்வதும் சரியில்லை. ஒருவர் பேசினார். தாதி கட்டுப் போட்டு முடித்ததும் சுமதி கணவரைப் பார்த்தார்.

"நாமளும் ஒண்ணுதானேங்க வாங்கினோம்?"

"என்ன?"

"தண்ணி. இன்னொண்ணு வாங்குங்கன்னேன். ஆறு வெள்ளியா, வீட்டுல போய்க் குடிச்சுக்கலாம், சமாளின்னீங்க. நானும் மூடி கேட்டேன், அந்தக்கா தரல." என்னைத்தான் காட்டினார். ஆமாம், அவர் கேட்டிருந்தார், நான் கொடுக்கவில்லை. "குடுத்திருந்தா நம்ம பாட்டிலும் யார் தலையிலயாவது விழுந்திருக்கும். போலீஸ் எல்லாம் வேண்டாம். எனக்கு வலிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போகணும், காடிய எடுங்க."

கணவர் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். அய்யனார் அந்த அம்மாவின் காலைத் தொடக் குனிந்தார். "ஐயோ, அதெல்லாம் வேண்டாம் தம்பி, கையத் தட்டிடப் போறே" என்று அவர் பயந்து பின்வாங்கினார். வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் எல்லோருக்கும்தான், கணவரைத் தவிர.

பாட்டில் அரங்கத்திலேயே வாங்கியது என்று ஆனதும், காயம்பட்டவரே புகார் வேண்டாம் என்றதும், அய்யனாரை விட்டுவிட்டார்கள். மருத்துவச் செலவை அரங்கம் ஏற்றுக்கொண்டது. மாணிக்கம் சாரிடம் மட்டும் மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

அவர் அதற்குப் பிறகு கவுண்டர் பக்கம் வரவில்லை. இப்போது ஒரு கூட்டுரிமை அடுக்குமாடி வீட்டு வளாகத்தில் வாசல் காவல் மேற்பார்வையாளராக இருக்கிறார். பெருநாளுக்குப் போன் செய்வேன், முழங்காலைப் பற்றி விசாரிப்பார். அரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருமுறை நானாக, "நீங்க அன்னைக்குச் செஞ்சது சரிதான் சார்" என்றேன். "சரியா இருந்தா அந்தம்மா எலும்பு ஏன் உடையுது?" என்றார். விதியும் சரி, அவர் இரக்கமும் சரி, அந்தப் பிள்ளைகளின் தாகமும் சரி. சரியில்லாதது ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் யாரும் தொடவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குள் அது ஏழு வெள்ளி ஆகிவிட்டது.

அய்யனாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடை வரிசையில் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார். "அக்கா, சார் நல்லா இருக்காரா? அங்கேயேதான் இருக்காரா?" என்று கேட்டார். "நல்லா இருக்காரு தம்பி" என்றேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. காயத்ரி, திட்டு வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டாயே, அதை நான் கற்றுக்கொண்டேன். அந்தக் கடை வாசலில் அந்த முகம் உதவவில்லை.

இதெல்லாம் பிற்பாடு. பாட்டில் விழுந்ததற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அரங்கத்துக்குப் போனபோது மிஸ் டான் என் கவுண்டரில் காத்திருந்தார். மாணிக்கம் சார் முன்னதாகவே வந்து, சாவிகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். மதியம் மறுபடியும் தமிழ் நிகழ்ச்சி. ஓர் அறிவிப்பு வைக்க வேண்டும், ஆங்கிலத்தில் அடித்தாயிற்று, பக்கத்தில் தமிழிலும் இருந்தால் நல்லது என்றார். ஒரு வெள்ளைத் தாளையும் தடித்த கறுப்புப் பேனாவையும் மேசைமேல் வைத்தார். குளிர்பெட்டிகளைக்கூடத் திறந்து பார்க்காமல், பையைத் தோளிலிருந்து இறக்காமல், முதல் வேலையாக அதை எழுதினேன்.

'ஒருவருக்கு ஒரு பாட்டில். தண்ணீரை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம். உங்கள் பாதுகாப்புக்காக.'

அத்தனை வருஷத்தில் அந்தச் சுவருக்கு வந்த முதல் தமிழ் அதுதான். மிஸ் டான் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். எழுத்து சிறிதாக இருக்கிறது, தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும் என்றார். இன்னொரு தாள் எடுத்து, பெரிதாக எழுதினேன்.